யாருக்கும் சொந்தமில்லாத நிமிடம்

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை வரும். அன்று மட்டும் ரூபன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் பேசமாட்டான். குளித்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வான். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். திருச்சியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் அவன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய இரவில்தான் தமிழ்நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் தாவும். தங்கள் நேரத்தை மாநிலங்களே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபிறகு செய்துகொண்ட ஏற்பாடு அது. கோடையில் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிட வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். கட்டட வேலையிலும் சாலை வேலையிலும் சுருண்டு விழுகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் ஒரே இரவில் ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பறிகொடுத்துவிட்டு எழுந்த மாநிலம், அந்தத் திங்கட்கிழமை கண்ணை இடுக்கிக்கொண்டு வண்டி ஓட்டியது. லாரிகள் சாலைத் தடுப்பில் ஏறின. இரும்பு அறுக்கிறவர்கள் விரலை இழந்தார்கள். விடிவதற்கு முன்பே ரூபனின் வண்டி கிளம்பிவிடும்.

கடிகாரத்தைத் தாவ வைப்பது அவன் மனைவி ஜெருஷா.

மாநில நேர வாரியத்தில் அவள் பொறியாளர். திருச்சியிலேயே இருந்த வாரியக் கட்டடத்திலிருந்து புறப்படும் ஒரே ஒரு சமிக்ஞையைக் கேட்டுத்தான் கைபேசிகள், சுவர்க் கடிகாரங்கள், போக்குவரத்து விளக்குகள், பள்ளி மணிகள், ஆலைச் சங்குகள் எல்லாம் நேரம் காட்டின. ரயில்வே மட்டும் டெல்லி நேரத்தை வைத்துக்கொண்டு, நிலையங்களில் இரண்டு கடிகாரங்களை மாட்டியிருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அந்த ஞாயிறு இரவு கட்டளையை அனுப்புவது ஜெருஷாவின் வேலை. ரூபன் அதைப் பற்றி ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஒரு வருடம் மட்டும், தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தவன், கேட்டான்.

"ஒரே ராத்திரியில எடுத்துத்தான் ஆகணுமா? எங்க வண்டியில ட்ரிப் ஏத்துறப்ப மருந்த சொட்டு சொட்டாத்தான் விடுவாங்க. மொத்தமா விட்டா ஆள் தாங்கமாட்டான்."

ஜெருஷா அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் வாரியத் தலைவர் சிவப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். ஓய்வு பெற்ற ஆட்சிப் பணி அதிகாரி அவர். எதையும் இரண்டு வாக்கியத்துக்குள் சொல்லச் சொல்வார். அவளும் அப்படியே சொன்னாள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் எடுத்தால் சித்திரை பிறக்கும்போது ஒரு மணி நேரம் முன்னால் வந்திருப்போம். மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அதே போல ஒவ்வொரு நிமிடமாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"ஒரு நிமிஷம் கொறையறத ஜனங்க கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க சார்."

"அப்ப செய்யலாம்," என்றார் சிவப்பிரகாசம்.

எந்த நிமிடத்தை எடுப்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஜெருஷா தன் திட்டத்தில் இரவு இரண்டு மணி என்று எழுதியிருந்தாள். தூங்குகிறவர்களிடமிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது என்பது அவள் எண்ணம்.

அதைச் செங்குட்டுவன் ஒப்புக்கொள்ளவில்லை. மார்கழியில் கூடிய வாரியக் கூட்டத்துக்குத் தொழிற்சங்கங்களின் சார்பில் வந்திருந்தவர் அவர். கனத்த உடம்பு, மெல்லிய குரல்.

"ஏழரைக் கோடி ஜனம் இருக்கு. ஆளுக்கு ஒரு நிமிஷம்னா ஒரு நாளைக்கு நூத்தி நாப்பது வருஷம் ஆகுது. ரெண்டு மனுஷ ஆயுசு. அத எங்க ஆளுங்க தூக்கத்துலேர்ந்து எடுத்துட்டு, ஷிப்ட மட்டும் முழுசா வச்சுக்கறீங்க. ஏன், ஷிப்ட்லேர்ந்து எடுங்களேன்."

ஆலை உரிமையாளர்களின் சார்பில் வந்திருந்தவர் வரதராஜன். திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் வால்வு செய்யும் ஆலை ஒன்றின் பொது மேலாளர். மரியாதையாகப் பேசுகிறவர், ஆனால் பிடி விடாதவர். உலை ஒரு நிமிடம் வீணாக எரிந்தால் என்னவாகும் என்று அவர் விளக்கினார். தூக்கத்தில் ஒரு நிமிடம் போனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டார். அப்படியானால் உங்கள் தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுடையதை விடுங்கள் என்றார் செங்குட்டுவன்.

ஒரு மாதம் இப்படியே போனது. வேலைநிறுத்த அறிவிப்பு வந்தது. தை முடிவதற்குள் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் பழைய முறைப்படியே தாவிக்கொள்ளலாம் என்று அமைச்சர் அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

ஜெருஷாவுக்கு அந்தத் திங்கட்கிழமை மறுபடி வந்துவிடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது. மாநிலம் முழுவதும் மக்கள் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதற்கு வாரியத்திடம் விவரம் இருந்தது. பெயர்கள் இருக்காது. எத்தனை இயந்திரங்கள் ஓடுகின்றன, எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது, எத்தனை பேர் கைபேசியைத் தொடுகிறார்கள் என்ற கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கோடுகளை அவள் நாள் கணக்கில் பார்த்தாள். பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. காலை ஷிப்டு முடிந்து முதல் சங்கு இரண்டு மணிக்கு ஊதும். அடுத்த ஷிப்டு தொடங்கும் சங்கு இரண்டு பத்துக்கு. இடைப்பட்ட அந்தப் பத்து நிமிடத்தில் இயந்திரங்கள் நின்றிருந்தன. ஆட்கள் வேலையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. ஆலைகளைச் சுற்றி அந்த நேரத்தில் கைபேசியைக்கூட யாரும் தொடவில்லை. மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் அவ்வளவு வெறுமையான இடம் வேறு எங்கும் இல்லை.

கூட்டத்தில் அவள் அந்தப் பள்ளத்தைத் திரையில் காட்டியபோது வரதராஜனும் செங்குட்டுவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷிப்டிலிருந்து எடுக்கவில்லை, தூக்கத்திலிருந்தும் எடுக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆட்சேபம் இல்லை. மதிய வகுப்பில் ஒரு நிமிடம் குறைவதை எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்? மறுநாள் ஒரு நாளிதழ் அதற்கு 'யாருக்கும் சொந்தமில்லாத நிமிடம்' என்று பெயர் வைத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

மழைக்காலத்தில் திருப்பிக் கொடுப்பதை இரவு இரண்டு மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று அதே கூட்டத்தில் முடிவானது. எல்லோருக்கும் ஒரு நிமிடம் கூடுதல் தூக்கம். கொடுப்பதில் யாருக்கும் தகராறு இருக்கவில்லை.

மாசி முதல் நாள் பகலில் கடிகாரம் இரண்டு ஐந்தைக் காட்டியது. அடுத்து இரண்டு ஏழைக் காட்டியது. ஆறு வரவில்லை. வாரிய அலுவலகத்தில் சிலர் கைதட்டினார்கள். வெளியே யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பங்குனி வந்தது. வழக்கமான அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. ரூபன் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளித்து, உட்கார்ந்து, ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். ஒரு பிரசவ கேஸ், ஒரு நெஞ்சு வலி, அவ்வளவுதான் இன்றைக்கு என்றான். ஜெருஷா சமையலறைக்குள் போய் சற்று நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

பங்குனியின் கடைசி வாரத்தில் வரதராஜன் அவளைக் கைபேசியில் கூப்பிட்டார். அவருடைய ஆலை வாசலுக்கு வரும் நேரச் சமிக்ஞையில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்றார். இரண்டு பத்துக்கு இரண்டாவது சங்கு ஊதியதும் வாசல் தானாக மூடிக்கொள்ளும். மாசியிலிருந்து மதிய ஷிப்டுக்குத் தாமதமாக வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆண்கள் யாரும் தாமதமாக வருவதில்லை. எல்லாம் பெண்கள்.

"பொம்பளைங்களுக்கு மட்டும் லேட்டாக் காட்டுற கடிகாரம் இருக்குமா மேடம்?" என்று அவர் உண்மையாகவே கேட்டார்.

ஜெருஷா மறுநாள் சோதனைக் கருவியோடு துவாக்குடிக்குப் போனாள். ஆலை வாசலில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சமிக்ஞையில் ஒரு குறையும் இல்லை. மூடிவிட்டு நிமிர்ந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. வாசலுக்கு எதிரே இருந்த வேப்பமரங்களின் கீழே அவள் வந்தபோது நாலைந்து பேர்தான் நின்றிருந்தார்கள். இப்போது நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் பெண்கள், ஏறக்குறைய எல்லோருடைய இடுப்பிலும் தோளிலும் குழந்தைகள். கையில் கூடைகள், பள்ளிப் பைகள், பால் புட்டிகள்.

சங்கு ஊதியது. உள்ளேயிருந்து ஆண்கள் ஈரக் கையோடு வந்தார்கள், சிலர் ஓடிவந்தார்கள். நூறு இடத்தில் ஒரே நேரத்தில் ஒரே காரியம் நடந்தது. இடுப்பிலிருந்து குழந்தை கை மாறியது. சாவி கை மாறியது. காய்ச்சல் மருந்தை எந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும், குழம்பை எங்கே மூடி வைத்திருக்கிறது, வீட்டுக்கு யார் வந்துவிட்டுப் போனார்கள் என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். ஒரு கணவனும் மனைவியும் சண்டையைத் தொடங்கி, அதை முடிக்க நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டுப் பிரிந்தார்கள்.

ஒருவர் கையிலும் கைபேசி இல்லை. இருக்க முடியாது. இரண்டு கையும் நிறைந்திருந்தன. தன் திரையில் தெரிந்த வெறுமை என்னவென்று ஜெருஷாவுக்கு அங்கே நிற்கும்போதுதான் விளங்கியது.

வாசல் மூடியது. ஒருத்தி மட்டும் வெளியே நின்றுவிட்டாள். இரண்டரை, மூன்று வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதுகொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டிருந்த அவள் கணவன் மூடிய வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு மூவரும் பக்கத்திலிருந்த சர்பத் கடை நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

ஜெருஷாவும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பெயர் நிஷாந்தி, கணவன் பூவரசன், குழந்தை இயல். பூவரசன் காலை ஷிப்டு, நிஷாந்தி மதிய ஷிப்டு. ஆலையின் குழந்தைகள் காப்பகம் சாயங்காலமே மூடிவிடும் என்பதால் இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். நிஷாந்தி வீட்டுக்கு வந்து சேரும்போது அவன் தூங்கிப்போயிருப்பான். அவன் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு. அதில் பாதி துவைப்பதில் போய்விடும். மற்றபடி அவர்கள் பார்த்துக்கொள்வது இந்த வாசலில்தான்.

"இவரு மெஷின நிறுத்தி, கை கழுவி, பஞ்ச் அடிச்சு வெளிய வரவே பாதி நேரம் போயிரும். மிச்சம் ரெண்டு மூணு நிமிஷம்தான்," என்றாள் நிஷாந்தி. "பாப்பாவுக்குத் தெனமும் ஒரு அழுகை இருக்கு. அது நிக்க ஒரு நிமிஷம் ஆவும். அழ விட்டுட்டு நான் உள்ள போனதே இல்ல. மாசியிலேர்ந்து அந்த ஒரு நிமிஷத்தக் காணோம்."

"யாருக்கும் சொந்தமில்லாத நிமிஷம்னு பேப்பர்ல போட்டிருந்தான்," என்றான் பூவரசன். கோபமில்லாமல்தான் சொன்னான். "எங்களுதுன்னு சொல்லிட்டு எடுத்திருந்தாக்கூடப் பரவால்ல."

ஜெருஷா தான் யார் என்று சொன்னாள். அந்த நிமிடத்தைத் தேடிக் கண்டுபிடித்ததே தான்தான் என்றும் சொன்னாள்.

சர்பத் கடைக்காரர் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். நிஷாந்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

ஏன் அப்படிச் செய்யவேண்டி வந்தது என்பதை ஜெருஷா சொன்னாள். பழைய திங்கட்கிழமைகளைப் பற்றி, ரூபனைப் பற்றி, முடிவுக்கு வராத கூட்டங்களைப் பற்றி. பூவரசன் தலையசைத்தான். அப்படி ஒரு திங்கட்கிழமையில் அவன் பிரிவில் ஒருவருக்குக் கை போயிருந்தது. ஆனாலும் நிமிடத்தை ராத்திரிக்கே மாற்றிவிடுங்கள் என்றான் அவன். தூக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், இதை விட்டுவிடுங்கள் என்றான். மாற்றப் போனால் மொத்தமும் உடைந்து தாவல் திரும்ப வந்துவிடலாம், ஆனாலும் கேட்டுப்பார்க்கிறேன் என்றாள் ஜெருஷா.

"வேணாம்," என்றாள் நிஷாந்தி.

பூவரசன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ராத்திரி எங்கம்மா மாதிரி ஆளுங்க தூக்கம் வராம கெடக்குறாங்க. ஆஸ்பத்திரியில யாரோ யாருக்காகவோ முழிச்சிட்டு இருப்பாங்க. எங்கேருந்து எடுத்தாலும் அங்க ஒருத்தர் நிப்பாரு மேடம். எடுத்தது எடுத்ததா இருக்கட்டும். திருப்பிக் குடுப்பீங்கல்ல, அத இங்கயே வந்து குடுங்க. நடுராத்திரியில வேற யாருக்கோ குடுக்காதீங்க."

இரவில் கொடுப்பதென்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று ஜெருஷா சொல்லவில்லை. அவர்கள் மூவரும் அன்று மீதி நாள் முழுக்க என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டாள்.

பூவரசன் சிரித்தான். "கதவப் பூட்டிட்டாங்க, அரைநாள் போச்சு. அதுக்காக அழுதுட்டு இருக்க முடியுமா? கல்யாணமானதுலேர்ந்து வேலைநாள் மத்தியானத்துல சேந்து உக்காந்ததே இல்ல. கல்லணைக்குப் போயி தண்ணியில கால விட்டுட்டு வருவோம்."

ஆடியில் வாரியம் கூடியபோது, நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தை மாற்ற வேண்டும் என்று ஜெருஷா கேட்டாள். திரையில் பழைய கோட்டையே காட்டினாள். அந்தப் பள்ளத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொன்னாள். தான் தவறாகப் படித்துவிட்டதாகவும் சொன்னாள்.

செங்குட்டுவன் கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே பதினெட்டு வயதிலிருந்து ஆலையில் இருந்தவர். அப்படி ஒரு மரத்தடியில் அவர் மனைவியும் நின்றிருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது தனக்கு அது ஞாபகம் வராமல் போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார்.

வரதராஜன் எதிர்த்தார். சங்குகளுக்கு நடுவே பத்து நிமிடம் என்பது பதினோரு நிமிடமாகும், அந்த ஒரு நிமிடம் உலைகள் சும்மா எரியும் என்றார். தவிர, ஏழரைக் கோடிப் பேருக்குக் கிடைக்க வேண்டிய தூக்கத்தை எடுத்துச் சில லட்சம் பேரிடம் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

சிவப்பிரகாசம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வரதராஜன், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நிமிஷம் கூடக் குடுத்தா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். தூங்கிட்டிருப்பேன்."

"எனக்கும் தெரியாது. வாங்கினதே தெரியாத ஏழரைக் கோடிப் பேருக்குக் குடுத்து நமக்கு என்ன வரப்போகுது? குடுத்தா வாங்கிக்கத் தெரிஞ்சவங்க ஒரு எடத்துல நின்னுட்டிருக்காங்க. அதுவும் நாம எடுத்த எடத்துல."

இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசி ஜெருஷா கேட்டது அன்றுதான். உரிமையாளர்கள் தரப்பு எதிர்த்து வாக்களித்தது, தொழிற்சங்கம் ஆதரித்தது, தலைவரின் வாக்கில் முடிவானது.

ஐப்பசி முதல் நாள் துவாக்குடியில் மழை. ஜெருஷா குடையோடு ஆலை வாசலுக்குப் போனாள். வேப்பமரங்களுக்குக் கீழே நெகிழித் தாளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெண்கள் குழந்தைகளைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்கள். வழக்கமாக இந்த வேளையில் வாசலுக்கு வராத வரதராஜன் செக்யூரிட்டி அறைக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று வந்தேன் என்றார். அவர் குரலில் சலிப்பு இருந்தது.

சங்கு ஊதியது. ஆண்கள் தலையில் நெகிழி உறைகளைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். குழந்தைகள் கை மாறின, சாவிகள் கை மாறின, எல்லோரும் அவசர அவசரமாகப் பேசினார்கள். வாசலுக்கு மேலிருந்த கடிகாரம் இரண்டு ஐந்தைக் காட்டியது. ஒரு நிமிடம் போனது. அது இன்னும் இரண்டு ஐந்தையே காட்டியது.

அந்தக் கூடுதல் நிமிடத்தில் ஏதாவது பெரிதாக நடக்கும் என்று ஜெருஷா எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்கள்; போக வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை. பழக்கமில்லாததால் சிலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சும்மா நின்றார்கள். ஒருத்தி கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஒருவன் மனைவியின் கூடையிலிருந்து ஒரு போண்டாவை எடுத்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தான். சத்தம் மெல்ல அடங்கி, தாளின் மேல் மழை விழுவது கேட்டது.

நிஷாந்தியின் தோளிலிருந்து இயல் அப்பாவிடம் போனது, வழக்கம்போல அழுதது, தானாகவே நிறுத்திவிட்டு மழையைப் பார்த்தது. நிஷாந்தி துப்பட்டாவை இழுத்துக்கொண்டு, அப்படியே நின்று பூவரசனைப் பார்த்தாள். பிறகு ஜெருஷா நிற்பதைக் கவனித்து இரண்டடி வந்தாள்.

"இன்னைக்கித்தான் மேடம் இவரு மொகத்த நல்லாப் பாத்தேன். காதோரம் நரைச்சிருக்கு. எப்ப நரைச்சுதுன்னே தெரியல."

"மெஷின் தூசிடீ அது," என்றான் பூவரசன்.

அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. இருவரும் சிரித்தார்கள். கடிகாரம் இரண்டு ஆறுக்கு நகர்ந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்குள் போனார்கள். யாரும் ஓடவில்லை. வாசல் மூடியபோது வெளியே யாரும் நின்றிருக்கவில்லை.

வரதராஜன் செக்யூரிட்டி அறையை விட்டு வெளியே வந்து மழையில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். ஜெருஷா குடையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் குடைக்குள் வந்து கேட்டார்.

"இது கார்த்திகையோட முடிஞ்சிரும் இல்ல?"

"ஆமா சார். அதுக்கப்புறம் குடுக்க ஒண்ணும் பாக்கி இருக்காது."

"மாசியில மறுபடி எடுத்துருவீங்க."

"எடுத்துத்தான் ஆகணும்."

"இந்த ஒண்ண மட்டும் எடுக்காம விடணும்னா நான் யாருகிட்டக் கேக்கணும்? அமைச்சருகிட்டயா, உங்க சேர்மன்கிட்டயா?"

ஜெருஷா அவரைப் பார்த்தாள். அவர் உண்மையாகத்தான் கேட்டார். இத்தனை வருடமும் நேரம் என்பது திருச்சியிலிருந்து வரும் ஒன்று என்றே அவர் நினைத்து இருந்திருக்கிறார். அவள்கூட அப்படித்தான் இருந்திருக்கிறாள். ஏழரைக் கோடிப் பேரின் கடிகாரத்தைத் தொட்டுத் திருத்தி, இரு தரப்பையும் உட்காரவைத்து ஒரு மாதம் பேசி, வாக்கெடுத்து, இந்த மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்த நிமிடம் அது.

"யாருகிட்டயும் கேக்க வேணாம் சார்," என்றாள். "முதல் சங்குக்கும் ரெண்டாவது சங்குக்கும் நடுவுல எவ்வளவு விடணும்னு வாரியம் சொல்றதில்ல. அது உங்க சங்கு."

வரதராஜன் வாசலுக்கு மேலே ஆலைக் கூரையில் இருந்த சங்கைப் பார்த்தார். குடைக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐப்பசியும் கார்த்திகையும் நல்ல மழையோடு கழிந்தன. மற்ற ஊர்களின் ஆலை வாசல்களிலிருந்தும் செய்திகள் வந்தன. கோவையில் ஒரு பஞ்சாலை வாசலில் அந்த ஒரு நிமிடத்துக்காகவே யாரோ பெஞ்சுகள் போட்டார்களாம். ஓசூரில் ஓர் ஆலையில் ஒருவருக்கொருவர் இனிப்பு கொடுத்துக்கொண்டார்களாம். ரூபன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, துவாக்குடிக்கு ஒரு நாள் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னான். போனார்கள். அவனும் மரத்தடியில் நின்று பார்த்தான். திரும்பி வரும் வழியில் வண்டியை மெதுவாகவே ஓட்டினான்.

கார்த்திகை முடிந்தது. கடிகாரங்கள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன. மார்கழி பிறந்து இரண்டு வாரம் கழித்து, ஜெருஷா அலுவலகத்தில் வழக்கமான சோதனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லா ஆலைகளின் சங்குகளும் சரியான நேரத்துக்கு ஊதியிருந்தன. துவாக்குடியில் ஒன்றைத் தவிர. அங்கே முதல் சங்கு இரண்டு மணிக்குச் சரியாக ஊதியிருந்தது. இரண்டாவது சங்கு, மார்கழி முதல் நாளிலிருந்தே, தினமும் தாமதமாக ஊதியிருந்தது. முதலில் இரண்டு பதினொன்றுக்கு. இந்த வாரம் இரண்டு பதினைந்துக்கு.

அவள் வரதராஜனைக் கைபேசியில் கூப்பிட்டாள். உங்கள் சங்கு பின்தங்குகிறது, கருவியைச் சரிபார்க்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா மேடம், கொஞ்ச நாளா மெதுவாத்தான் ஊதுது. பழைய சங்கு பாருங்க," என்றார். "ஆனா ஆள அவசரமா அனுப்ப வேணாம். உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ, அப்ப வந்து பாக்கச் சொல்லுங்க."

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இப்போது வேலை அதிகம் என்றாள் ஜெருஷா. இந்த வருடம் யாரும் வர முடியும் என்று தோன்றவில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்தாள்.